ஃப்ளையிங் மைக்ரோடோனல் பனானா: அடிக்கடி கேக்கற கேள்விகள், என்னால முடிஞ்ச பதில்கள்

கிங் கிஸர்ட் பேண்டோட பாட்டு கேக்கறேன்னு வாயத் திறந்தாலே அடுத்து ஃப்ளையிங் மைக்ரோடோனல் பனானாங்கற இந்த வாழைப்பழ ஆல்பத்தப் பத்தித்தான் கேள்வி வரும். அதே பதில பத்து பேருக்கு தனித்தனியா டைப் பண்ணி சலிச்சுப் போச்சு, அதான் மொத்தமா இங்க எழுதி வைக்கறேன். விமர்சகர்கள் என்ன சொன்னாங்க, ரசிகர்கள் ஏன் தலைல தூக்கி வச்சு ஆடறாங்க, சில பேர் ஏன் காதப் பொத்திக்கறாங்க, எல்லாம் இதுல வரும். நான் அந்த பேண்டோட ரசிகன், அத முதல்லயே சொல்லிடறேன், அதனால நடுநிலை கிடுநிலை எல்லாம் எதிர்பாக்காதீங்க.

முதல்ல இவங்க யாரு? பேரே ஒரு மாதிரி இருக்கே?

முழுப்பேரு கிங் கிஸர்ட் அண்ட் த லிஸர்ட் விஸர்ட். ஆஸ்திரேலியா, மெல்பர்ன். 2010ல ஆரம்பிச்சாங்க. சைக்கடெலிக் ராக்னு ஒரு டப்பால போடுவாங்க ஆனா அந்த டப்பால இவங்க ரொம்ப நாள் உக்காரவே மாட்டாங்க, ஒரு ஆல்பம் ஜாஸ், ஒரு ஆல்பம் த்ராஷ் மெட்டல், ஒரு ஆல்பம் சிந்த்னு தாவிக்கிட்டே இருப்பாங்க. பாட்டும் கிட்டாரும் பெரும்பாலும் ஸ்டூ மெக்கென்ஸி. கூட ஜோயி வாக்கர், குக் க்ரெய்க், ஹார்மோனிகா ஊதற ஆம்ப்ரோஸ் கென்னி ஸ்மித், பேஸ்ல லூகஸ், ட்ரம்ஸ்ல மைக்கேல் கேவனா. இந்த ஆல்பம் வந்தப்போ ரெண்டாவது ட்ரம்மரா எரிக் மூர் இருந்தார், அவர்தான் ஃப்ளைட்லெஸ்ங்கற இவங்க ரெக்கார்ட் கம்பெனியையும் பாத்துக்கிட்டார், 2020ல விலகிட்டார்.

நம்ம ஆல்பம் வந்தது 2017 பிப்ரவரி 24. இவங்களோட ஒன்பதாவது ஆல்பம், 9 பாட்டு, கிட்டத்தட்ட 42 நிமிஷம்.

மைக்ரோடோனல்னா என்னங்க? தமிழ்ல சொல்லுங்க.

பியானோல ஒரு ஸ்தாயிக்கு, அதாவது ஒரு ஸவுலேர்ந்து அடுத்த ஸவுக்குள்ள, 12 ஸ்வரஸ்தானம். ஸ, சின்ன ரி, பெரிய ரி அப்படின்னு போகும்ல, அந்த 12. இவங்க என்ன பண்ணாங்கன்னா பக்கத்து பக்கத்துல இருக்கற ரெண்டு ஸ்தானத்துக்கு நடுவுல இன்னொண்ண சொருகி ஒரு ஸ்தாயிய 24 சம பங்கா ஆக்கிட்டாங்க. அதாவது சின்ன ரிக்கும் பெரிய ரிக்கும் நடுவுல ஒரு ரி, அது அந்தப் பக்கமும் இல்லாம இந்தப் பக்கமும் இல்லாம நிக்கும். இந்த மாதிரி நடு ஸ்வரத்தத்தான் கீழ கால் ஸ்வரம்னு சொல்றேன். அத முதல் தடவ கேக்கும்போது தான் "என்னய்யா ட்யூன் போயிடுச்சா"ன்னு தோணும்.

நான் முதல்ல கேட்டப்போ இயர்ஃபோன் வயர்ல கோளாறுன்னு நெனச்சு பிடுங்கி மாட்டினேன். வெக்கமா இருக்கு ஆனா உண்மை.

சரி, வாழைப்பழம் எங்கேர்ந்து வந்துச்சு?

ஸ்டூவோட கிட்டார்லேர்ந்து. ஸாக் எக்கிள்ஸ்னு ஒருத்தர் அவருக்குன்னே செஞ்சு குடுத்த மஞ்சக் கலர் கிட்டார், வழக்கமான ஃப்ரெட்டுகளுக்கு (கழுத்துல குறுக்கா இருக்கற கம்பிகளுக்கு) நடுவுல கூடுதலா ஃப்ரெட் போட்டது. அதுக்கு முன்னாடி ஸ்டூ துருக்கி பாலமா வச்சுத்தான் ஒரு ரெக்கார்ட் பண்ணலாம்னு யோசிச்சுக்கிட்டு இருந்தார். பாலமாங்கறது நீளமான கழுத்துள்ள தந்தி வாத்தியம், ஃப்ரெட்ட நரம்பால கட்டியிருப்பாங்க, வேணும்னா நகத்திக்கலாம். இந்த மஞ்ச கிட்டார் கைக்கு வந்ததும் யோசனை இதுக்கு மாறிடுச்சு.

ஆனா ஒரு ஆள்கிட்ட மட்டும் இப்படி ஒரு கிட்டார் இருந்தா மத்தவங்க எப்படி கூட வாசிப்பாங்க? அதனால பேண்ட்ல ஒவ்வொருத்தருக்கும் 200 டாலர் ஒதுக்கி, ஒரு வாத்தியத்த வாங்கி அத மைக்ரோடோனலா மாத்திக்கோங்கன்னு விட்டுட்டாங்க. கிட்டார், பேஸ், ஹார்மோனிகான்னு எல்லாத்துலயும் கைய வச்சாச்சு. இது போதாதுன்னு ஸுர்னாவும் சேத்தாங்க. நம்ம நாதஸ்வரத்துக்கு தூரத்து சொந்தக்காரன் அது, அதுலயும் சீவாளி மாதிரி நாணல் வச்சுத்தான் ஊதணும், திறந்தவெளில கல்யாணம் திருவிழால ஊதற சத்தம். ஆல்பத்தோட பேரையே தலைப்பா வச்ச கடைசிப் பாட்டுல அதுதான் ராஜா.

வந்த புதுசுல விமர்சகர்கள் என்ன சொன்னாங்க?

மொத்தத்துல நல்லாத்தான் சொன்னாங்க, ஆனா ஆஹா ஓஹோ இல்ல. அத புரிஞ்சுக்க முந்தின வருஷத்த பாக்கணும். 2016 ஏப்ரல்ல நோனகன் இன்ஃபினிட்டி வந்துச்சு, கடைசிப் பாட்டு முடிஞ்சா முதல் பாட்டுக்கே போய் ஒட்டிக்கற ஆல்பம், மூச்சே விடாம ஓடும், அந்த வருஷம் ஆஸ்திரேலியாவோட ஏரியா (ARIA) இசை விருதுல ஹார்ட் ராக், ஹெவி மெட்டல் பிரிவுல ஜெயிச்சுது. அத கேட்டுட்டு அடுத்து என்ன அடி அடிக்கப் போறாங்களோன்னு காத்திருந்தவங்க கைல இது வந்துச்சு. வேகம் கம்மி, ஒரே தாளத்துல சுத்திச் சுத்தி வர்ற ஆல்பம். அதனால பாராட்டினவங்க கூட "நோனகன் அளவுக்கு இல்ல ஆனா"ன்னு ஒரு ஆனா போட்டுத்தான் ஆரம்பிச்சாங்க.

பிடிச்சுப்போனவங்க சொன்னது பெரும்பாலும் க்ரூவ் பத்தி, அதாவது நம்மள ஆட வைக்கற அந்தத் தாள ஓட்டம். எழுபதுகள்ல ஜெர்மனில நோய் (Neu!), கேன் (Can) மாதிரி பேண்டுங்க வாசிச்ச நேர்கோடு மாதிரி போற ட்ரம்ஸ் இருக்கே, அதுக்கு மேல துருக்கி வாசனை அடிக்கற கிட்டார வச்சது புதுசா இருக்குன்னாங்க. பிடிக்காதவங்க பக்கம் ரெண்டு குற்றச்சாட்டு. ஒண்ணு, பாட்டெல்லாம் ஒண்ணு போலவே இருக்கு. ரெண்டாவது, மைக்ரோடோனல்னு பேர்லயே பெருசா எழுதிட்டு உள்ள சும்மா ஊறுகா மாதிரி தொட்டுக்கிட்டாங்க, ஒரு கிம்மிக், கவனத்த இழுக்கற வித்தை, அவ்வளவுதான். இந்த ரெண்டாவது தான் இன்னிக்கு வரைக்கும் ஓடிக்கிட்டு இருக்கற சண்டை.

அந்த கிம்மிக் குற்றச்சாட்டு நியாயமா?

பாதி நியாயம்.

24 ஸ்தானம் இருக்குன்னு சொல்லிட்டு 24லயும் கோலம் போடல, அது உண்மை. பெரும்பாலான பாட்டுல ஒரு ஆதார ஸ்வரம் கீழ நங்கூரம் மாதிரி நிக்கும், மேல ஒரு சின்ன மெட்டு சுத்தும், அந்த மெட்டுல ஒண்ணு ரெண்டு இடத்துல மட்டும் கால் ஸ்வரம் எட்டிப் பாக்கும். மைக்ரோடோன்ல ஊறினவங்களுக்கு இது ஒண்ணாங்கிளாஸ் பாடம். அமெரிக்காவுல ஹாரி பார்ட்ச் ஒரு ஸ்தாயிய 43ஆ பிரிச்சு அதுக்குன்னு சொந்தமா வாத்தியங்களையே செஞ்சு வச்சிருந்தார், அந்த ஆளுக்கு முன்னாடி இது எந்த மூலைக்குன்னு கேப்பாங்க. கேக்கறதுல தப்பில்ல.

ஆனா என் கட்சி வேற. இந்த ஆல்பத்துல என்ன நடந்துதுன்னா அந்தக் கால் ஸ்வரம் முணுமுணுக்கற பொருளா மாறிடுச்சு. ஸ்லீப் ட்ரிஃப்டர் எடுத்துக்கோங்க. கிட்டார் என்ன வாசிக்குதோ அதையேதான் ஸ்டூ பாடறார், குரலும் கிட்டாரும் ஒட்டிக்கிட்டே போகும், நம்மூர் கச்சேரில பாடறவர விடாம வயலின் பின்னாடியே வருமே கிட்டத்தட்ட அப்படி. அதனால அந்த விசித்திரமான ஸ்வரம் தனியா துருத்திக்கிட்டு நிக்காது, மெட்டோட மெட்டா தொண்டைக்குள்ள வந்துடும். ரெண்டு நாள் கேட்டா பல்லு தேய்க்கும்போது நீங்களே அத பாடிக்கிட்டு இருப்பீங்க, கால் ஸ்வரம் பாடறோம்னே தெரியாம. எத்தனையோ கஷ்டமான சோதனை இசை இந்த ஒரு விஷயத்த சாதிக்கல. எத்தன ஸ்தானத்த தொட்டாங்கன்னு எண்ணிப் பாத்து மார்க் போடறவங்க இத கணக்குல சேக்கறதே இல்ல, அதுதான் எனக்கு அந்த விமர்சனங்கள் மேல இருக்கற வருத்தம்.

இன்னொண்ணு, கார்டு (chord, பல ஸ்வரத்த ஒரே நேரத்துல சேத்து அடிக்கறது) கம்மியா இருக்குன்னும் திட்டுவாங்க. கால் ஸ்வரங்கள வச்சு கார்டு அடிச்சா ஒண்ணோட ஒண்ணு உரசி கரகரன்னு வரும், அதனாலதான் தனி மெட்டாவே கொண்டு போயிருக்காங்கன்னு நான் நெனைக்கறேன். தெரிஞ்சே பண்ண வேலை.

எல்லாப் பாட்டும் ஒண்ணு போல இருக்குன்னு எனக்கும் தோணுது. நான் தப்பா?

இல்ல. அப்படித்தான் இருக்கு. பிடிச்சா மயக்கம், பிடிக்கலன்னா கொட்டாவி. நடுவுல பில்லபாங் வேலி வரும்போது ஆம்ப்ரோஸ் குரல் வந்து கொஞ்சம் ருசி மாறும், அது வரைக்கும் தாக்குப் பிடிங்க.

துருக்கி இசைய சுட்டுட்டாங்கன்னு சொல்றாங்களே?

இந்தக் கேள்விய தள்ளி விட முடியாது. அறுபது எழுபதுகள்லயே துருக்கில எர்கின் கொராய், பாரிஷ் மான்ச்சோ, செல்டா பாஜான் எல்லாம் நாட்டுப்புற மெட்டையும் எலெக்ட்ரிக் கிட்டாரையும் கலந்து ஒரு பெரிய அலையே கிளப்பினாங்க, அனடோலியன் ராக்னு பேரு. அத கேட்டுட்டு வாழைப்பழத்துக்கு வந்தீங்கன்னா "அட இத எங்கயோ கேட்டிருக்கேனே"ன்னு தோணத்தான் செய்யும். ஸ்டூவே பாலமாலேர்ந்துதான் ஆரம்பிச்சார்ங்கறப்போ மறைக்க ஒண்ணுமில்ல.

ஆனா தொழில்நுட்பமா பாத்தா ஒரு வேடிக்கை இருக்கு. துருக்கி செவ்வியல் இசைல ஒரு முழு ஸ்வரத்த கோமாங்கற 9 சின்னத் துண்டா பிரிச்சுத்தான் கணக்கு வச்சிருக்காங்க, சரிபாதியா வெட்டற பழக்கம் அங்க கிடையாது. ஸ்தாயிய 24 சம பங்கா பிரிக்கற கணக்கு அரபு இசைக் கோட்பாட்டுலதான் பத்தொன்பதாம் நூற்றாண்டுல வேரூன்றுச்சு. ஆக துருக்கி வாசனைன்னு எல்லாரும் எழுதினதுக்கு அடியில இருக்கற அளவுகோல் வேற ஊர்து. அப்போ சுட்டாங்கன்னு சொல்றதா, அரைகுறையா சுட்டாங்கன்னு சொல்றதா? என்னக் கேட்டா, கடன் வாங்கினாங்க, வாங்கின இடத்த சொல்லவும் செஞ்சாங்க, ஆனா மேற்கத்திய விமர்சகர்கள்ல கொஞ்சப் பேர் ஏதோ இவங்கதான் கால் ஸ்வரத்த கண்டுபிடிச்ச மாதிரி எழுதினது ஓவர். அந்தத் தப்பு பேண்டோட தலைல விடியக் கூடாது.

இந்த ஆல்பத்தால ஒரு நல்லது என்னன்னா, இத கேட்டுட்டு செல்டாவத் தேடிப் போனவங்க நிறைய. நானும் அதுல ஒருத்தன்.

கர்நாடக சங்கீதம் கேட்டு வளந்தவங்களுக்கு இதுல என்ன புதுசு?

"எங்க கமகத்துல இல்லாததா"ன்னு ஒருத்தர் கட்டாயம் வந்து சொல்வார். சொல்லட்டும். வீணைய பாருங்க, 24 ஃப்ரெட் இருக்கு, ஆனா அது 2 ஸ்தாயிக்கு. ஸ்தாயிக்கு 12 தான். நடுவுல இருக்கறதெல்லாம் தந்திய இழுத்து, அசைச்சு வாங்கறது, ஒரு இடத்துல நிக்காது, ஆடிக்கிட்டே இருக்கும். இவங்களோடது நேர்மாறு, நடு ஸ்வரத்துக்குன்னு ஒரு ஃப்ரெட்ட அடிச்சு வச்சு அது மேல ஆடாம அசையாம நிக்கறாங்க. அதனால பழகின காதுக்கு இது கமகமாவும் படாது, சுத்தமான ஸ்வரமாவும் படாது, ரெண்டுங்கெட்டானா இருக்கும். அந்தக் கூச்சம்தான் இதுல சுகமே.

சார்ட்ல எப்படி போச்சு?

ஆஸ்திரேலியா ஆல்பம் சார்ட்ல 2வது இடம் வரைக்கும் போச்சு. கால் ஸ்வரத்துல வாசிச்ச ஒரு ஆல்பத்துக்கு இது கொஞ்ச நஞ்ச விஷயமில்ல.

ரசிகர்கள் தலைல வச்சுக் கொண்டாடற பாட்டு எது?

ரேட்டில்ஸ்னேக். கிட்டத்தட்ட 8 நிமிஷம், அதுல பாதி நேரம் ரேட்டில்ஸ்னேக் ரேட்டில்ஸ்னேக்னு அந்த ஒரே வார்த்தைதான். ஆல்பத்துக்கு முன்னாடியே 2016ல தனியா வெளிய வந்துச்சு. புதுசா வர்றவங்க பாதிப் பேர் இந்தப் பாட்டு வழியாத்தான் உள்ள வர்றாங்க, இன்னும் கொஞ்சப் பேர் இதே பாட்டால கதவ சாத்திட்டு ஓடறாங்க. பழைய ரசிகர்கள் நடுவுல "ரேட்டில்ஸ்னேக் ஓவர்ரேட்டட்"னு சொல்றது ஒரு ஃபேஷன், ஆனா மேடைல அத ஆரம்பிச்சா அதே ஆளுங்கதான் முதல்ல குதிப்பாங்க.

உள்ள ஊறினவங்கள கேட்டா ஸ்லீப் ட்ரிஃப்டர் இல்லன்னா நியூக்ளியர் ஃப்யூஷன்னு சொல்வாங்க. நியூக்ளியர் ஃப்யூஷன் ஆரம்பத்துல வர்ற அந்த அடித்தொண்டைக் குரலுக்கே ஒரு கூட்டம் இருக்கு. ஓப்பன் வாட்டருக்கு தனி கட்சி, அந்த ட்ரம்ஸ் சும்மா அலை மாதிரி அடிச்சுக்கிட்டே இருக்கும். மெல்ட்டிங் பூமி சூடாகறதப் பத்தின பாட்டு, அத வரிகளுக்காக பிடிச்சவங்க உண்டு. அனாக்ஸியாவ பத்தி யாரும் சண்டை போட்டு நான் பாத்ததில்ல, பாவம். எனக்கு ஸ்லீப் ட்ரிஃப்டர், விவாதத்துக்கு இடமில்ல.

லைவ்ல இத எப்படி வாசிக்கறாங்க?

இந்தப் பாட்டுங்களுக்கு வேற கிட்டார் மாட்டணும், அதனால மைக்ரோடோனல் பாட்டுங்கள பெரும்பாலும் ஒரு கொத்தா சேத்து வாசிப்பாங்க. மேடைல அந்தக் கிட்டார் வெளிய வந்தாலே கூட்டத்துக்கு விஷயம் புரிஞ்சு சத்தம் எகிறும். அப்புறம் நடக்கறதுதான் நான் மேல சொன்ன கட்சிக்கு சாட்சி: லைவ் ரெக்கார்டிங் எதையாவது போட்டுக் கேளுங்க, வார்த்தைய மட்டும் பாட மாட்டாங்க, திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் மெட்டு, அந்த ரிஃபையே ஆயிரக்கணக்கான பேர் வாயால பாடுவாங்க. கால் ஸ்வரத்தோட சேத்து. அவங்கள்ல எத்தன பேருக்கு சங்கீதம் தெரியும்? ஸ்டுடியோல கொஞ்சம் மந்தமா, பழைய டேப் மாதிரி மங்கலா இருக்கற பாட்டெல்லாம் மேடைல நீண்டு, வேகம் ஏறி, வேற ஜென்மம் எடுக்கும். ஆல்பம் பிடிக்கலன்னு சொல்றவங்களுக்கு நான் லைவத்தான் முதல்ல அனுப்புவேன்.

ஒரே வருஷத்துல 5 ஆல்பம் போட்டதால இதுக்கு கவனம் குறைஞ்சுதா?

2017ல அஞ்சு ஆல்பம் தருவோம்னு சொல்லி, சொன்னபடி குடுத்தாங்க. இது முதல், ஜூன்ல மர்டர் ஆஃப் த யூனிவர்ஸ், ஆகஸ்ட்ல மைல்ட் ஹை க்ளபோட சேந்து ஸ்கெட்சஸ் ஆஃப் ப்ரன்ஸ்விக் ஈஸ்ட், நவம்பர்ல பாலிகோண்ட்வானாலேண்ட், டிசம்பர் 31 அன்னிக்கு கம்பூட் சூப், வருஷம் முடிய சில மணி நேரம்தான் பாக்கி. பாலிகோண்ட்வானாலேண்ட இலவசமா குடுத்து யார் வேணும்னாலும் ரெக்கார்ட் அடிச்சு வித்துக்கோங்கன்னு சொன்னதுதான் அந்த வருஷத்தோட பெரிய செய்தி ஆயிடுச்சு, அதுல வாழைப்பழம் கொஞ்சம் மறைஞ்சுது உண்மைதான். எழுதறவங்களும் ஒவ்வொண்ணையும் தனி ஆல்பமா பாக்காம "அஞ்சுல இது எத்தனாவது"ன்னு பாக்க ஆரம்பிச்சாங்க. ஆனா அஞ்சுலயும் பளிச்சுன்னு ஒரு அடையாளம் இருக்கறது இதுக்குத்தான். சொல்ல மறந்துட்டேன், கம்பூட் சூப்ல ஆல் இஸ் நோன், க்ரீன்ஹவுஸ் ஹீட் டெத்னு ரெண்டு பாட்டு இதே கால் ஸ்வரக் குடும்பம், அதையும் கேட்டுடுங்க.

பின்னாடி கேஜி, எல்டபிள்யூன்னு ரெண்டு ஆல்பம் வந்தப்புறம் இத பத்தின கருத்து மாறிச்சா?

மாறிச்சு. வாழைப்பழத்தோட அட்டைலயே மைக்ரோடோனல் ட்யூனிங் ஆராய்ச்சி, முதல் பாகம்ங்கற மாதிரி ஒரு துணைத்தலைப்பு போட்டிருந்தாங்க. அத எல்லாரும் ஜோக்குன்னுதான் நெனச்சாங்க. மூணே முக்கால் வருஷம் கழிச்சு 2020 நவம்பர்ல கேஜி ரெண்டாம் பாகமா வந்துச்சு, 2021 பிப்ரவரில எல்டபிள்யூ மூணாம் பாகமா. லாக்டவுன் நேரம், அவங்கவங்க வீட்டுலேர்ந்தே பதிவு பண்ணது. அதுல கைத்தேர்ச்சி கூடியிருக்கு, ஹனி மாதிரி மெல்லிசான பாட்டும் இருக்கு, கேஜிஎல்டபிள்யூ மாதிரி மண்டைய உடைக்கற டூம் மெட்டலும் இருக்கு.

அதுக்கப்புறம் கிம்மிக்னு சொல்றது கஷ்டமாயிடுச்சு, ஏன்னா ஒரு தடவ பண்ணா விளையாட்டு, மூணு பாகம் பண்ணா அது பழக்கம். ரசிகர்கள் நடுவுல இப்போ சண்டை வேற பக்கம் திரும்பிடுச்சு. கேஜியும் எல்டபிள்யூவும் தான் பக்குவமான வேலை, வாழைப்பழம் வெறும் ஒத்திகைன்னு ஒரு கோஷ்டி. பின்னாடி வந்ததுல பாட்டு அதிகம் ஆனா அந்த முதல் தடவ மாட்டின கிறுக்குத்தனம் இல்லன்னு இன்னொரு கோஷ்டி. நான் ரெண்டாவது. 200 டாலர் வாத்தியத்த வச்சுக்கிட்டு தட்டுத் தடுமாறி இடத்தத் தேடற சத்தம் அந்த ஆல்பத்துல கேக்குது, தேர்ச்சி வந்தப்புறம் அது திரும்ப வராது.

ஸ்பாட்டிஃபைல தேடினேன், கிடைக்கலயே?

2025 ஜூலைல தங்களோட பாட்ட அங்கேர்ந்து எடுத்துட்டாங்க. கம்பெனி தலைவர் டேனியல் எக் ராணுவ ஏஐ கம்பெனில பணம் போட்டத எதிர்த்து எடுத்த முடிவு. பாட்டு விக்கற பேண்ட்கேம்ப் தளத்துல தேடுங்க.

என் கிட்டார்ல வாசிக்க முடியுமா?

சாதா கிட்டார்ல தந்திய லேசா பெண்ட் பண்ணி, அதாவது விரலால பக்கவாட்டுல இழுத்து, கால் ஸ்வரத்த தொடலாம், ஆனா திறந்த தந்தில பண்ண முடியாது, வேகமான ரிஃப்ல ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு பெண்ட் பண்றது நரகம். ஃப்ரெட்லெஸ் கிட்டார் ஒரு வழி. விலை குறைஞ்ச பழைய கிட்டார் ஒண்ணு எடுத்து நடு ஃப்ரெட்ட தெரிஞ்ச ஆள்கிட்ட குடுத்து அடிச்சு வாங்கிக்கறவங்க உண்டு, நல்ல கிட்டார்ல மட்டும் கை வச்சுடாதீங்க. இஸ்தான்புல்ல டோல்கஹான் சோவுலுன்னு ஒருத்தர் 2008லயே ஃப்ரெட்டுகள இஷ்டப்படி நகத்தற கிட்டார் வடிவமைச்சிருக்கார், அவரோட வீடியோக்கள் பாருங்க, நேரம் போறதே தெரியாது.

ஸ்பீக்கர்ல போட்டா வீட்ல அபஸ்வரம்ங்கறாங்க. என்ன பண்றது?

முதல்ல ரேட்டில்ஸ்னேக்க போடாதீங்க, அதுதான் எல்லாரும் பண்ற தப்பு. ஸ்லீப் ட்ரிஃப்டர போடுங்க, ஞாயித்துக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்கு அப்புறம், சத்தம் கம்மியா. என் அம்மா மூணு வாரம் "யாருப்பா இது, சுதி சேரல"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நாலாவது வாரம் சமையக்கட்டுலேர்ந்து அதே மெட்டு ஹம்மிங்ல வந்துச்சு, அந்த நடு ஸ்வரம் கூட கரெக்டா விழுந்துது. நான் ஒண்ணும் சொல்லல, சொன்னா நிறுத்திடுவாங்க.